5 லட்சம் கடனும் 450 சதுர அடி வீடும்

மாதச் சம்பளம் வாங்குகிறவர் வீட்டுக் கடன் வாங்கலாமா என்று கேட்டால் கணக்கு ஓரளவு எளிது. அவர் ஏற்கெனவே வாடகை கொடுக்கிறார். அந்த வாடகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் தவணை ஆகிவிடுகிறது. பழைய வரி முறையில் இருந்தால் வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டு. நகரத்து மனை என்பதால் பிற்காலத்தில் விலை ஏறும், விற்றாலும் போகும் என்ற தைரியமும் இருக்கிறது.

கிராமத்தில் சொந்த ஓட்டு வீட்டில் குடியிருக்கும் விவசாயிக்கு இதில் ஒன்றுகூடப் பொருந்தாது. அவர் வாடகை கொடுப்பதில்லை. ஆகவே புது வீடு கட்டினால் மிச்சமாகும் வாடகை என்று எதுவும் இல்லை. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது; ஆகவே வரிச் சலுகையும் இல்லை. நத்தத்தில், பங்காளிகள் வீடுகளுக்கு நடுவில் கட்டிய வீட்டை அவசரத்துக்கு விற்க நினைத்தால் வெளியாள் வாங்க வரமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, தவணை மாதாமாதம் வரும். விளைச்சல் அப்படி வராது.

அப்படியானால் விவசாயி வீட்டுக் கடனே வாங்கக் கூடாதா? பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டாரத்தில் ஒரு குடும்பம் இந்தக் கேள்வியை ஏழெட்டு மாதம் வைத்துப் புரட்டியது. பெயர் வேண்டாம் என்பது அவர்கள் விருப்பம். அவர்கள் போட்ட கணக்கு பல வீடுகளுக்கு உதவும்.

மூன்று ஏக்கர், மூன்று மாடு

கணவருக்கு 44 வயது, மனைவிக்கு 38. மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, மகன் எட்டாவது. கணவரின் அப்பாவுக்கு 70 தாண்டிவிட்டது. கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம், மானாவாரியில் இரண்டு ஏக்கர் மக்காச்சோளமும் பருத்தியும் மாற்றி மாற்றி. மூன்று கலப்பினப் பசுக்கள்; எந்த நேரத்திலும் ஒன்று சினையில் வற்றி நிற்கும், இரண்டு கறக்கும். பால் கிராமத்துச் சங்கத்துக்குப் போகிறது.

வீடு, தாத்தா காலத்து மண் சுவர் வைத்த நாட்டு ஓட்டு வீடு. வடக்குச் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்து, இரண்டு பனங்கட்டைகள் முட்டுக் கொடுத்திருந்தன. ஐப்பசி மழையில் அடுப்படியும் நெல் குதிர் இருந்த மூலையும் ஒழுகும். ஓடு மாற்ற, கைமரம் மாற்ற என்று ஆண்டுக்கு 8,000, 10,000 போய்க்கொண்டே இருந்தது. கழிப்பறை வெளியே தகரத் தடுப்பில். வயசுக்கு வந்த பெண் இருக்கிற வீட்டில் இது சரிப்படாது என்று மனைவி நான்கு ஆண்டாகச் சொல்லி வந்தார்.

2024 கோடையில், இரண்டு போகம் வெங்காயம் கைகொடுத்ததில் 5 லட்சம் ரூபாய் சேர்ந்திருந்தது. கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டினார்கள். இரண்டு படுக்கையறை, கூடம், சமையல்கட்டு, கழிப்பறை, 750 சதுர அடி. சதுர அடிக்கு 2,200 என்று அவர் சொன்ன விலையில் 16.5 லட்சம் ஆனது. கையில் இருப்பதைப் போக 11.5 லட்சம் வேண்டும். எதிர்பாராத செலவுக்கும் சேர்த்து 12 லட்சம்.

வீடு தேடி வந்த கடன்

தகவல் தெரிந்து, ஒரு தனியார் வீட்டுக் கடன் நிறுவனத்தின் ஆள் இரு சக்கர வண்டியில் வீட்டுக்கே வந்துவிட்டார். "வருமானச் சான்று, ஐ.டி. எதுவும் அதிகம் கேக்கமாட்டோம் சார். 12 லட்சம், 20 வருஷம். பத்து நாள்ல பணம்" என்றார். வட்டி 14 சதவிகிதம். மாதத் தவணை 14,922 ரூபாய்.

பத்து நாளில் பணம் என்பது கணவருக்குப் பிடித்திருந்தது. மழைக்கு முன் கடைக்கால் எடுத்துவிடலாம். அதே 12 லட்சத்தை வங்கியில் 9 சதவிகிதத்துக்கு வாங்கினால் 20 ஆண்டுக்குத் தவணை 10,797 தான் என்று மகள் கைபேசியில் கணக்குப் போட்டுக் காட்டினாள். மாதம் 4,125 ரூபாய் வித்தியாசம். 20 ஆண்டில் நிறுவனத்துக்குக் கட்டுவது ஏறத்தாழ 35.8 லட்சம், வங்கிக்கு 25.9 லட்சம். ஆவணங்களைத் தேடி அலையும் சிரமத்துக்குக் கூலி பத்து லட்சம் என்றால் அலையலாம்தானே?

இந்த இடத்தில் பலர் ஏமாறும் இன்னொன்றும் உண்டு. 'வட்டி 9 சதவிகிதம்தான்' என்று சொல்லிவிட்டு, அது குறையும் நிலுவைக்கா, முழு அசலுக்குமா என்பதைச் சொல்லாமல் விடுவார்கள். 10 லட்சம் ரூபாயை 15 ஆண்டுக்கு 9 சதவிகிதக் குறையும் வட்டியில் வாங்கினால் மொத்த வட்டி 8.26 லட்சம். அதே 9 சதவிகிதத்தை முழு அசலுக்கும் கடைசி வரை போட்டால் 13.5 லட்சம். சதவிகிதத்தைக் கேட்பதோடு நிறுத்தாமல், மொத்தம் எத்தனை ரூபாய் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்க வேண்டும்.

பால் நோட்டு சொன்னது

வங்கியா, நிறுவனமா என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது மனைவி வேறு கேள்வியைக் கேட்டார். "ஏங்க, பத்தாயிரத்து எண்ணூறுன்னு வெச்சுக்குவோம். ஆடி மாசம் எங்கேர்ந்து கட்டுவீங்க?"

அவரிடம் ஐந்து ஆண்டு நோட்டுகள் இருந்தன. பால் கணக்குக்காக ஆரம்பித்தது. பிறகு தீவனம், உரம், கூலி, பள்ளிக்கூடம், மருந்து என்று எல்லாமே அதில் ஏறியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் உட்கார்ந்து, வீட்டுச் செலவும் அடுத்த போகத்து விதை, உரம், கூலியும் போக, ஒவ்வொரு ஆண்டும் உண்மையில் மிஞ்சியது எவ்வளவு என்று எடுத்தார்கள்.

முதல் ஆண்டு 1,40,000. படைப்புழு மக்காச்சோளக் குருத்தைத் தின்ற இரண்டாம் ஆண்டு 15,000. அடுத்து 90,000. அதற்கடுத்து 1,10,000. வெங்காயத்தில் திருகல் நோய் விழுந்த ஐந்தாம் ஆண்டு 20,000. ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து 3,75,000. சராசரி ஆண்டுக்கு 75,000, மாதத்துக்கு 6,250.

தனியார் நிறுவனத்தின் தவணை ஆண்டுக்கு 1.79 லட்சம். ஐந்து ஆண்டில் மிக நல்ல ஆண்டின் மிச்சம்கூட அதற்குப் போதாது. வங்கித் தவணை ஆண்டுக்கு 1.29 லட்சத்துக்கு மேல்; ஐந்தில் ஒரே ஓர் ஆண்டு மட்டும் கட்டியிருக்க முடியும். மற்ற நான்கு ஆண்டும் வெளியே கை நீட்ட வேண்டும். வெளியே என்றால் நூற்றுக்கு மூன்று வட்டி. அதாவது ஆண்டுக்கு 36 சதவிகிதம். 9 சதவிகிதக் கடனைக் கட்ட 36 சதவிகிதத்தில் வாங்கத் தொடங்கினால் அந்த வீடு யாருக்கு என்பது சில ஆண்டில் தெரிந்துவிடும்.

கணவர் நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். "வெங்காயம் ஒரு போகம் விலை ஏறிச்சுன்னா அடிச்சிடலாம்" என்றார். மனைவி பதில் சொல்லவில்லை. ஐந்தாம் ஆண்டுப் பக்கத்தை எடுத்து முன்னால் வைத்தார்.

மற்ற வழிகள்

கடனை விட்டு வேறு வழி உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

கிணற்றுக் காட்டில் அரை ஏக்கரை விற்பது. பணம் கிடைக்கும், ஆனால் வெங்காயம் போடும் இடத்தில் பாதி போய்விடும். நல்ல ஆண்டு என்று ஒன்று வருவதே அந்த ஒரு ஏக்கரால்தான். சம்பாதிக்கிற சொத்தை விற்றுச் சம்பாதிக்காத சொத்தை வாங்குவது ஆகாது என்று தள்ளினார்கள்.

நகை அடமானம். விவசாய வீட்டுக்குப் பழகிய வழி. நகைக்கடனை ஓராண்டில் மீட்க வேண்டும், அல்லது வட்டியைக் கட்டி மாற்றி வைக்க வேண்டும். விதைக்கும் உரத்துக்கும் அது பொருந்தும், அறுவடையில் மீட்டுவிடலாம். 15 ஆண்டில் மெல்ல அடைக்க வேண்டிய வீட்டுச் செலவை அதில் ஏற்றினால் ஆண்டுதோறும் அதே பயம். திடீர் ஆபத்துக்கு என்று இருக்கிற ஒரே கையிருப்பும் போய்விடும்.

பயிர்க்கடனை வீட்டுக்குத் திருப்புவது. இது ஊரில் நடக்காததல்ல. ஆனால் கிசான் கிரெடிட் கார்டு கடனில் 3 லட்சம் வரை 7 சதவிகித வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவிகிதம்தான். கூட்டுறவுச் சங்கத்தில் கெடுவுக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. அந்தப் பணத்தைச் சுவரில் பூசிவிட்டுக் கெடுவைத் தவறவிட்டால், கிடைக்கிற மிக மலிவான கடனை நாமே கெடுத்துக்கொள்கிறோம். அடுத்த பருவத்துக்கு உரக்கடையில் கடன் சொல்ல வேண்டிவரும்.

அரசுத் திட்டம். ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்தார்கள். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். அது குடிசையில் இருப்பவர்களுக்கானது. ஓட்டு வீடு என்பதால் இவர்களுக்குப் பொருந்தவில்லை. குடிசையில் இருப்பவர்கள் வங்கிப் படி ஏறும் முன் இதையும், சமவெளிப் பகுதியில் 1.2 லட்சம் தரும் பிரதமர் கிராமப்புற வீட்டுத் திட்டத்தையும் விசாரித்துவிடுவது நல்லது.

கடைசியாக, காத்திருப்பது. ஆண்டுக்கு 75,000 சேர்த்தால் இன்னும் 5 லட்சம் சேர ஏழு ஆண்டு ஆகும். அதற்குள் சிமெண்ட், கம்பி, செங்கல், கூலி சும்மா இருக்காது. கட்டுமானச் செலவு ஆண்டுக்கு 5 சதவிகிதம் ஏறினால், இன்று 10 லட்சத்தில் முடியும் வீடு ஏழு ஆண்டு கழித்து 14 லட்சம். சேர்த்துச் சேர்த்துத் துரத்தினாலும் விலை முன்னால் ஓடும். வடக்குச் சுவர் ஏழு மழை தாங்குமா என்பதற்கு எந்த நோட்டிலும் பதில் இல்லை.

ஆக, கடன் வேண்டும். எவ்வளவு என்பதுதான் மிச்சம்.

தவணையிலிருந்து வீட்டுக்கு

வழக்கமாக முதலில் வீட்டு வரைபடம் போடுவார்கள், பிறகு பற்றாக்குறைக்குக் கடன் கேட்பார்கள், கடைசியில் தவணை என்ன வருகிறதோ அதை ஏற்றுக்கொள்வார்கள். இவர்கள் தலைகீழாகப் போனார்கள். சராசரி மிச்சம் மாதம் 6,250. அதில் 5,000 ரூபாய்க்கு மேல் தவணை கூடாது என்று வைத்துக்கொண்டார்கள். 9 சதவிகிதத்தில் 15 ஆண்டுக்கு 5 லட்சம் வாங்கினால் தவணை 5,071. அதுதான் அளவு.

அப்போதும் 15,000 மிஞ்சிய ஆண்டில் எப்படிக் கட்டுவது? ஆண்டுக்கு 61,000 வேண்டும், 46,000 குறையும். இதற்காகக் கையிருப்பு 5 லட்சத்திலிருந்து 60,000 ரூபாயை எடுத்துத் தனிக் கணக்கில் போட்டார்கள். அது வீட்டுப் பணம் அல்ல, தவணைப் பணம். கெட்ட ஆண்டில் எடுப்பது, நல்ல ஆண்டில் முதல் வேலையாக நிரப்புவது. இரண்டு கெட்ட ஆண்டு அடுத்தடுத்து வந்தால் நகை இருக்கிறது. அதனால்தான் நகையை இப்போது தொடக்கூடாது என்று முடிவானது.

கடன் 5 லட்சம், கையில் 4.4 லட்சம், மொத்தம் 9.4 லட்சம். 750 சதுர அடி 450 ஆகச் சுருங்கியது. ஒரு கூடம், ஓர் அறை, சமையல்கட்டு, உள்ளேயே கழிப்பறை. 450 சதுர அடிக்கு 9.9 லட்சம் வரும். கடைக்கால் தோண்டுவது, மண் நிரப்புவது, தண்ணீர் ஊற்றிக் கட்டடத்தை நனைப்பது எல்லாம் குடும்பத்தார் வேலை. கதவு நிலைக்குக் காட்டில் நின்ற வேம்பு. இப்படி 50,000 குறைக்கலாம் என்று கணக்கு. பிற்காலத்தில் பக்கத்தில் ஓர் அறை சேர்க்க வசதியாகக் கிழக்குச் சுவரில் வாசல் அளவுக்கு லிண்டல் மட்டும் போட்டு அடைத்துவிடுவது.

கணவருக்கு இது மனத்தாங்கல்தான். தம்பி முறையில் ஒருவர் பக்கத்துத் தெருவில் மாடி வீடு கட்டியிருந்தார். "ஊரு என்ன சொல்லும்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். அதற்கு மகள், "ஊரு தவணை கட்டுமாப்பா?" என்றாள். அதன் பிறகு அவர் அதைப் பேசவில்லை.

அப்பாவின் நிபந்தனை

எல்லோரையும்விடக் கடுமையாக எதிர்த்தவர் கணவரின் அப்பா. கிணறு வெட்ட வாங்கிய கடன் ஒன்றுக்காக, இளவயதில் அவர் வீட்டுக்கு ஜப்திக்கு வந்திருந்தார்கள். அண்டாவையும் குத்துவிளக்கையும் வாசலில் எடுத்து வைத்ததைத் தெருவே பார்த்தது. "வீட்டைக் கட்டிப்பார்னு சும்மாவா சொன்னான். ஒழுகுனாலும் நம்ம ஓடு" என்பார்.

நத்தம் பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தது. தாத்தா உயில் எழுதாமல் போய்விட்டார். ஆகவே அப்பாவுக்கு மட்டுமல்ல, அவருடைய தங்கைகள் இருவருக்கும் மனையில் பங்கு உண்டு. வங்கி வழக்கறிஞர் முதலில் கேட்டதே அதைத்தான். அத்தைகள் இருவரும் வந்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் மேலே நகரும். பெரிய அத்தை உடனே வந்தார். சின்ன அத்தை இரண்டு மாதம் பிடி கொடுக்கவில்லை. பங்கு கேட்டு அல்ல. "பொறந்த வீட்டுக்கு வந்தா படுக்க ஒரு இடம் இருக்கணும்" என்பதுதான் அவர் கேட்டது. மருமகள் நேரில் போய், "உங்க அண்ணன் இருக்கிற வரைக்கும் மட்டுமில்ல அத்தை, நாங்க இருக்கிற வரைக்கும் இருக்கும்" என்று சொல்லிக் கூட்டி வந்தார்.

பிறகு அப்பா மனையை மகன், மருமகள் இருவர் பெயருக்கும் செட்டில்மெண்ட் எழுதினார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: காட்டுப் பத்திரத்தை எந்த வங்கியிலும் இந்த வீட்டுக்காக வைக்கக் கூடாது.

அவர் பயத்தில் சொன்னது சட்டப்படியும் சரியான யோசனை. தவணை தொடர்ந்து 90 நாள் தவறினால் கடன் வாராக் கடன் ஆகிறது. பிறகு 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கிக்கு வழியுண்டு. விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. வீட்டு மனைக்கு இல்லை. விலக்கு இருந்தாலும், கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு நிலத்தின் மேல் வரலாம். வீட்டுக் கடனுக்கு வீடும் மனையும் மட்டுமே ஈடாக இருக்கட்டும். காட்டையும் சேர்த்து எழுதச் சொன்னால், கேட்கிற கடன் வீட்டின் மதிப்புக்கு மீறியது என்று புரிந்துகொண்டு கடனைக் குறைப்பது நல்லது.

வங்கியில் நடந்தது

விவசாயிக்கு வருமானம் காட்டத் தெரியாது என்பார்கள். இவர்களுக்குக் கைகொடுத்தது பால் சங்கம். பால் பணம் நேராக வங்கிக் கணக்கில் ஏறிவந்ததால், பாஸ்புக்கில் மூன்று ஆண்டு வரவு தவறாமல் தெரிந்தது. அதோடு சிட்டா, அடங்கல், வட்டாட்சியர் தந்த வருமானச் சான்று, வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், ஊராட்சி அனுமதி பெற்ற வரைபடம், பொறியாளர் மதிப்பீடு. பால் பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இன்றே கணக்குக்கு மாற்றிக்கொண்டால், இரண்டு மூன்று ஆண்டு கழித்து உதவும்.

அதிகாரி 8 லட்சம் வரை தரலாம் என்றார். 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவிகிதம் வரை கொடுக்க விதியில் இடம் உண்டு. 8 லட்சத்துக்கு 15 ஆண்டுத் தவணை 8,114. மனைவி நோட்டை நினைத்துக்கொண்டு "அஞ்சு போதுங்க சார்" என்றார்.

வட்டி மாறும் வகை. ரெப்போ விகிதத்தோடு ஏறும், இறங்கும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4 சதவிகிதத்திலிருந்து 6.5 ஆக ஏறியது. அப்படி இன்னொரு முறை 2.5 சதவிகிதம் ஏறினால் இவர்கள் தவணை 5,841 ஆகும். 770 ரூபாய் கூடும். 6,250-க்குள் அதுவும் அடங்குகிறது. எட்டு லட்சம் வாங்கியிருந்தால் அடங்கியிருக்காது. வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, ஆண்டுகளை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023-ம் ஆண்டு உத்தரவு. கேட்காமல் ஆண்டுகளை நீட்டிவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.

கடனோடு ஒரு காப்பீட்டையும் எடுக்கச் சொன்னார்கள். ஒரே தவணையாகப் பெரும் தொகை, அதையும் கடனிலேயே சேர்த்துவிடலாம் என்றார்கள். கடனுக்கு அது கட்டாயம் இல்லை என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்டு மறுத்தார்கள். ஆனால் காப்பீடே இல்லாமல் விடவில்லை. கணவன், மனைவி இருவரும் ஆண்டுக்கு 436 ரூபாயில் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேர்ந்தார்கள். ஒருவருக்கு ஏதாவது ஆனால் 2 லட்சம் வரும். 50 வயதுக்குள் சேர்ந்துவிட வேண்டும். தவணை கட்டுகிறவர் போய்விட்டால் மிஞ்சுகிறவர் தலையில் முழுக் கடனும் நிற்கும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பணம் மூன்று தவணையாக வந்தது. முதலில் சொந்தப் பணத்தில் கடைக்கால், பிறகு லிண்டல் மட்டம், தளம், பூச்சு என்று பார்த்துப் பார்த்து விடுவித்தார்கள். வேலை முடியும் வரை, வாங்கிய தொகைக்கு வட்டி மட்டும். கழிவுநீர்த் தொட்டியும் மின் இணைப்பும் கணக்குக்கு மேல் 35,000 இழுத்தன. ஒரு கிடாரியை விற்றார்கள். தனிக் கணக்கில் இருந்த 60,000 ரூபாயைத் தொடவில்லை.

வெங்காயம் விலை இறங்கியபோது

2025 தையில் குடிபோனார்கள். அதே ஆண்டு வெங்காயம் அறுத்த நேரத்தில் விலை கீழே போனது. பட்டறையில் போட்டு வைத்ததிலும் பாதி அழுகியது. ஒரு மாடு வற்றி நின்றது. தனிக் கணக்கிலிருந்து நான்கு தவணை, 20,284 ரூபாய் எடுத்துக் கட்டினார்கள். யாரிடமும் கேட்கவில்லை, நகை வெளியே போகவில்லை. மக்காச்சோளம் விற்றதும் அந்தத் தொகையைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் மற்ற செலவுக்குப் போனார்கள். மகள் பெரம்பலூரில் அரசுக் கல்லூரிக்குப் போகிறாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாய் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் ஆகிறது.

நல்ல ஆண்டில் மிஞ்சுவதை அசலில் கட்டுவது அவர்களுடைய அடுத்த திட்டம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. சராசரியாக ஆண்டுக்கு 12,000 ரூபாய் கூடுதலாக அசலில் கட்டினால், 15 ஆண்டுக் கடன் 11 ஆண்டில் முடியும், வட்டியில் 1.2 லட்சம் மிச்சம். ஆரம்ப ஆண்டுகளில் கட்டினால்தான் இந்தப் பலன் அதிகம். ஏனென்றால் முதல் தவணை 5,071-ல் 3,750 வட்டிக்கே போகிறது. கட்டும்போது 'அசலில் வரவு வைக்கவும்' என்று எழுதிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். கடன் முடிந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் முதல் இருக்கிறது.

கடன் கேட்கப் போகும் முன்

கணக்காகப் பார்த்தால் இந்த வீடு அவர்களுக்கு ஒரு ரூபாய் சம்பாதித்துத் தராது. ஆண்டுக்கு 10,000 ஓடு மாற்றும் செலவு நின்றது, அவ்வளவுதான். 4 லட்சம் வட்டி கொடுத்து அவர்கள் வாங்கியது சாயாத சுவர், ஒழுகாத கூரை, இரவில் டார்ச் எடுத்து வெளியே போக வேண்டாத கழிப்பறை. அது தேவையா என்றால் தேவைதான். அதற்குக் காடும் மாடும் பலியாகக் கூடாது என்பதுதான் கணக்கு.

இந்த யோசனையில் இருக்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, குறைந்தது மூன்று ஆண்டு வரவு செலவை எழுதி எடுப்பது. நோட்டு இல்லையென்றால் பால் பாஸ்புக், உரக்கடை பில், கமிஷன் மண்டிச் சீட்டு ஆகியவற்றிலிருந்து எடுக்கலாம். இரண்டாவது, சராசரி மிச்சத்துக்குள் தவணை அடங்குகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, ஓர் ஆண்டுத் தவணையைக் கட்டடத்தில் போடாமல் தனியே வைக்க முடிகிறதா என்று பார்ப்பது. நான்காவது, காடு, நகை, பயிர்க்கடன் மூன்றையும் தொடாமல் முடிகிறதா என்று பார்ப்பது. ஐந்தாவது, பட்டாவில் யார் யாருக்குப் பங்கு இருக்கிறது என்று வரைபடம் போடும் முன்பே உட்கார்ந்து பேசிவிடுவது.

இதில் ஏதாவது ஒன்று இடித்தால் வீட்டைச் சுருக்கலாம், இல்லை ஒரு போகம் பொறுக்கலாம். மாதச் செலவுக்கே பால் பணம் பற்றாத வீட்டில் முதல் கடன் மாட்டுக்கோ சொட்டுநீருக்கோ போகட்டும். அது சம்பாதித்துக் கொடுத்த பிறகு வீட்டுக்கு வரலாம்.

அந்த வீட்டில் கிழக்குச் சுவரில் அடைத்து வைத்த வாசல் அப்படியே இருக்கிறது. கடன் பாதிக்குக் கீழே இறங்கும் வரை அதைத் திறப்பதில்லை என்பது அவர்கள் முடிவு. சின்ன அத்தை இந்தப் பொங்கலுக்கு வந்து கூடத்தில் படுத்திருந்துவிட்டுப் போனார்.